விதை நீக்கிய நாய்க்கும் புராஸ்டேட் புற்று வருவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு லாப்ரடாருக்கு 11 வயது. ஒன்றரை வயதிலேயே விதை நீக்கிவிட்டீர்கள். இரண்டு மாதமாக மலம் கழிக்க முக்குகிறான், வருவதும் நாடா மாதிரி தட்டையாக வருகிறது, சிறுநீரில் இரண்டு தடவை ரத்தம். கோவைக்கு இறக்கிக் கொண்டுபோய் ஸ்கேன் பார்த்ததில் புராஸ்டேட் புற்று என்று சொல்லிவிட்டார்கள். விதையே இல்லாத நாய்க்கு இது எப்படி வரும்? மருத்துவர் சொன்ன ‘குரோத் ஃபேக்டர் ரிசெப்டர்’ என்றால் என்ன, அதற்கு மாத்திரை இருக்கிறதா? அன்றைக்குக் கருத்தடை செய்தது உங்கள் தவறா? இவைதான் உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தவறு இல்லை. ஏன் இல்லை என்பதைக் கீழே விளக்குகிறேன். அதுவரை அந்தப் பாரத்தோடு நீங்கள் படிக்க வேண்டாம் என்றுதான் முன்னால் சொன்னேன்.

நான் குன்னூர்ப் பக்கம் முப்பது வருடமாக நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். இந்த நோயில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு எஸ்டேட் வீட்டு ஸ்பிட்ஸ் நாயைக் கொண்டுவந்தார்கள். முக்கல், தட்டை மலம், நடையில் லேசான தயக்கம். காயடித்த நாய் என்றதும் புராஸ்டேட்டை என் மனம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. மலச்சிக்கல் என்று எழுதி மூன்று வாரம் பேதி மருந்து கொடுத்தேன். நான்காவது வாரம் அது பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. கையுறை மாட்டி ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தபோது, கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டிய இடத்தில் கூழாங்கல் மாதிரி ஒன்று. மேடு பள்ளமாக, அசைத்தால் அசையாமல், இடுப்பெலும்போடு ஒட்டி நின்றது. தொட்டதும் நாய் முனகியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய, அரை நிமிடம் கூடப் பிடிக்காத பரிசோதனை அது. உயிர் பிழைத்திருக்காது என்றாலும் அந்த மூன்று வார வலியையாவது குறைத்திருக்கலாம். அன்றிலிருந்து முக்கும் ஆண் நாய் எதுவானாலும், விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், விரல் விட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்தில், சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போட்டது போல் இருக்கும். அதற்கு நேர் மேலே மலக்குடல். ஆண் நாய்க்கு விந்துப்பை கிடையாது, துணைச் சுரப்பி என்று இருப்பது இது ஒன்றுதான். டெஸ்டோஸ்டிரோன் இருக்கும்வரை அது வளர்ந்துகொண்டே போகும். விதை நீக்காத நாய்களில் ஐந்து வயதைத் தாண்டியவற்றில் 100-க்கு 80-க்கு மேல் ஓரளவு வீக்கம் காணலாம். அது சாதாரண வீக்கம். வழவழப்பாக, நடுவில் பள்ளத்தோடு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். விதையை நீக்கினால் சில வாரங்களில் வற்றிவிடும். நம் ஊரில் ‘புராஸ்டேட்டா, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்’ என்று சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இதில் ஒரு வரலாறு உண்டு. சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1930-களின் கடைசியில் நாய்களின் புராஸ்டேட் சுரப்பை அளந்து ஆராய்ந்தார். ஆண் ஹார்மோன் நின்றால் சுரப்பி ஒடுங்குவதை அங்கே கண்டார். 1941-இல் அதே வழியை மனிதரின் புராஸ்டேட் புற்றுக்குச் செய்து பார்த்தார். விதை நீக்கியதும் பலருக்கு நோய் தணிந்தது, எலும்பு வலி குறைந்தது. 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றுவரை மனித வைத்தியத்தின் அடிப்படை அதுதான். ஆனால் வழி காட்டிய நாய்க்கே புற்று வந்தால் இந்த வைத்தியம் எடுபடாது. முப்பது வருடம் கழித்தும் இது என் மனதை உறுத்துகிறது.

காரணம் புற்றுச் செல்லின் மேலும் உள்ளும் இருக்கும் ஏற்பிகள். ரிசெப்டர் என்பதைத் தமிழில் ஏற்பி என்போம். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காலையில் ஃபாக்டரி சங்கு ஊதுவது உங்களுக்குத் தெரியும். சங்கு கேட்டால்தான் கொழுந்து எடுக்கப் புறப்படுவார்கள். உடம்பில் சங்கின் வேலையை ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் செய்கின்றன. அதைக் கேட்கும் காதுதான் ஏற்பி. மனிதரின் புராஸ்டேட் புற்றுச் செல்லில் ஆண் ஹார்மோனுக்கான காது அப்படியே இருக்கும், அதனால் சங்கை நிறுத்தினால் வேலை நிற்கிறது. நாயின் புற்றில் பெரும்பாலான செல்கள் அந்தக் காதை இழந்துவிட்டவை. டெஸ்டோஸ்டிரோன் அவற்றுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு. இருந்தாலும் கேட்காது, நிறுத்தினாலும் தெரியாது.

அப்படியென்றால் அவை எதைக் கேட்டுப் பெருகுகின்றன? வேறு காதுகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவர் சொன்ன வளர்ச்சிக் காரணி ஏற்பிகள் அவைதான்.

வளர்ச்சிக் காரணிகளை முதலில் அடையாளம் கண்ட கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார். குட்டிகளின் கண் வழக்கத்தைவிடச் சில நாள் முன்னதாகவே திறந்தது, பல்லும் சீக்கிரம் முளைத்தது. சாற்றில் இருந்த ஏதோ ஒன்று தோல் செல்களை ‘வளர், முதிர்’ என்று தூண்டுகிறது என்று பிடித்துக்கொண்டு தேடிப் பிரித்ததுதான் எபிடெர்மல் குரோத் ஃபேக்டர், சுருக்கமாக ஈ.ஜி.எஃப். ரீட்டா லெவி மொண்டால்சினியும் அவரும் 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த ஈ.ஜி.எஃப்-ஐக் கேட்கும் காது கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு நீளமான புரதம். தலை செல்லுக்கு வெளியே, வால் உள்ளே, நடுப்பகுதி செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும். ஈ.ஜி.எஃப். வந்து தலையில் ஒட்டியதும், மடங்கியிருந்த தலை நிமிர்ந்து பக்கத்தில் நிற்கும் இன்னோர் ஏற்பியோடு கை கோக்கும். கோத்த இரண்டும் ஒன்றின் வாலில் ஒன்று பாஸ்பேட் துணுக்கை ஒட்டிவிடும். ஒட்டுவது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல், அதனால் இந்த வகைக்கு டைரோசின் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் ஒட்டிய வால் உள்ளே இருக்கும் புரதங்களைத் தூண்டும். ஒரு பக்கம் ராஸ், ராஃப், மெக், எர்க் என்று கைமாறிப் போய்ச் செல்லின் கருவுக்குள் ‘இரண்டாகப் பிரி’ என்ற கட்டளை சேரும். இன்னொரு பக்கம் ஆக்ட் என்ற புரதத்தின் வழியாக ‘சாகாதே’ என்ற கட்டளை. நல்ல செல்லில் வேலை முடிந்ததும் அந்த ஏற்பியை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுவார்கள். சங்கு ஓய்ந்ததும் அமைதி.

இந்த ஈ.ஜி.எஃப். ஏற்பியின் குடும்பத்தில் நான்கு பேர். இரண்டாமவன் ஹெர்-2. இவனுக்கென்று தனியாக வளர்ச்சிக் காரணி எதுவும் கிடையாது. தலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும், யாரோடு வேண்டுமானாலும் கை கோக்கத் தயார். கோத்த பிறகு சீக்கிரம் சிதைக்கப்படுவதும் இல்லை. ஆகையால் ஒரு செல்லின் மேல் ஹெர்-2 கூட்டம் கூடிவிட்டால் மெல்லிய சங்கொலியே பெரிய ஆரவாரமாகக் கேட்கும். பெண்களின் மார்பகப் புற்றில் இதன் பங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாயின் நல்ல புராஸ்டேட்டிலும் ஈ.ஜி.எஃப். ஏற்பியும் ஹெர்-2-வும் ஓரளவு உண்டு, புற்றாக மாறியவற்றில் ஒரு பகுதியில் ஹெர்-2 மிகுதியாகத் தென்படுகிறது. எல்லாக் கட்டியிலும் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘ரிசெப்டர் மாத்திரை’ என்று கேள்விப்பட்டதும் எல்லா நாய்க்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகையை விட்டுவிடக் கூடாது, உங்கள் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கருவில் புராஸ்டேட் உருவாகும்போது டெஸ்டோஸ்டிரோன் நேராகச் சுரப்பிச் செல்களிடம் போய்ப் பேசுவதில்லை. சுற்றிலும் பஞ்சு மாதிரி இருக்கும் தாங்கு திசுவிடம்தான் சொல்கிறது. அந்தத் திசு 7, 10 ஆகிய எண்களுடைய ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து சுரப்பிச் செல்களை வளர்க்கிறது. வீட்டுப் பெரியவர் நேரில் சொல்லாமல் மேஸ்திரி மூலம் சொல்லி அனுப்புவது போல. பெரியவர் இல்லாமல் போனாலும் மேஸ்திரி இருக்கிறாரே! நாள்பட்ட அழற்சி, கிருமித் தொற்று, வயது என்று வேறு காரணங்களாலும் இந்த வளர்ச்சிக் காரணிகள் சுரக்கும். புற்றுச் செல்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். சங்கையும் தாமே ஊதி, தாமே கேட்டுக்கொள்ளும்.

விதை நீக்கியதும் புராஸ்டேட்டில் வற்றுவது சுரக்கும் செல்கள். அடித்தளச் செல்களும், நாளங்களின் உட்சுவர்ச் செல்களும், சுரப்பியின் நடுவே ஓடும் சிறுநீர்க்குழாயின் உட்சுவரும் அப்படியே இருக்கும். இவை முதலிலிருந்தே ஆண் ஹார்மோனை நம்பி வாழாதவை. நாயின் புராஸ்டேட் புற்றில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் இதற்கும் உடன்பிறப்பு மாதிரி ஒற்றுமை இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் நாய்க்கு வந்ததும் இப்படியே என்று எடுத்துக்கொள்ளலாம். விதை போனதால் சாதாரண வீக்கம் வரவில்லை. இந்தப் புற்றுக்கு விதை தேவைப்படவே இல்லை.

2015-இல் இன்னொரு முக்கியமான விஷயம் வெளிவந்தது. மேலே சொன்ன சங்கிலியில் ராஃப் என்று ஒரு கண்ணி வந்ததல்லவா? அதில் பிராஃப் என்ற வகைப் புரதத்தில் 595-ஆம் இடத்தில் வாலின் இருக்க வேண்டும். அங்கே குளூட்டாமிக் அமிலம் மாறி உட்கார்ந்துவிட்டால் அந்தக் கண்ணி எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே நிற்கும். மேலே ஏற்பி கேட்டதா, கேட்கவில்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. நாய்களின் சிறுநீர்ப்பைப் புற்றிலும் புராஸ்டேட் புற்றிலும் நான்கில் மூன்றுக்கு மேல் இந்த ஒரே பிழை இருப்பதாகத் தெரியவந்தது. மனிதரின் தோல் புற்றான மெலனோமாவில் 600-ஆம் இடத்தில் வரும் அதே பிழைதான், நாயின் புரதத்தில் எண் மட்டும் வேறு. டெரியர் இனங்களில் இது அதிகமாகக் காணப்படுகிறது.

இது தெரிந்ததும் எனக்குக் கூட ஒரு சந்தேகம் வந்தது. கீழே கண்ணியே இறுகிவிட்டதென்றால் மேலே இருக்கும் ஏற்பியை அடைத்து என்ன பயன்? ஆனால் ஏற்பியிலிருந்து இறங்குவது ஒரு வழி மட்டுமல்ல. ‘சாகாதே’ என்று சொல்லும் ஆக்ட் வழி பிராஃப் வழியாகப் போகாமல் தனியே போகிறது. இன்னொன்று, மனிதரின் பெருங்குடல் புற்றில் 2012-இல் கண்டது. பிராஃப் கண்ணியை மட்டும் மருந்தால் அடைத்தால், செல் ஈ.ஜி.எஃப். ஏற்பியை முன்னிலும் வேகமாக முடுக்கித் தப்பித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து அடைத்தால்தான் பலன். அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போவது போல. ஆகவே ஏற்பியும் முக்கியம், கீழுள்ள கண்ணியும் முக்கியம்.

இப்போது மாத்திரை. லாபாட்டினிப் என்பது ஈ.ஜி.எஃப். ஏற்பி, ஹெர்-2 இரண்டின் வாலிலும் பாஸ்பேட் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை. மனிதரின் மார்பகப் புற்றுக்காக வந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இதை நாய்களின் சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பைராக்சிகாம் என்ற வலி மாத்திரையோடு லாபாட்டினிப் சேர்த்துக் கொடுத்த 44 நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கட்டி கணிசமாகச் சுருங்கியது, பைராக்சிகாம் மட்டும் கொடுத்தவற்றில் சுமார் பத்தில் ஒன்றுதான். இருக்கும் நாட்களும் ஏறக்குறைய இரட்டிப்பாயின. ஆண்டுக்கணக்கில் எதுவும் நகராமல் கிடந்த இந்த நோயில் இது பெரிய செய்தி. ஆனால் அது சிறுநீர்ப்பையில் கண்ட முடிவு. உடன்பிறப்பு நோய் என்பதற்காக அதே அளவு பலன் புராஸ்டேட்டிலும் வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். விலையும் அதிகம். கல்லீரல் அளவுகளைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. கேட்பதானால் புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம், செல் பரிசோதனை அறிக்கையோடு போய்க் கேளுங்கள். இணையத்தில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

டோசரானிப் என்று இன்னொன்று இருக்கிறது, நாய்களுக்கென்றே செய்தது. மாஸ்ட் செல் கட்டி என்ற தோல் புற்றுக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டி தனக்கு ரத்தக் குழாய் வரவழைத்துக்கொள்ளும் ஏற்பிகளை அது அடைக்கும். புராஸ்டேட் புற்றிலும் மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. வயிற்றுப்போக்கும் பசியின்மையும் வரலாம்.

இந்த இரண்டையும்விட எளிய, கையருகில் இருக்கும் மருந்தை உங்கள் மருத்துவர் ஏற்கெனவே எழுதியிருப்பார்: மெலாக்சிகாம், அல்லது பைராக்சிகாம். வெறும் வலி மாத்திரை என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். நல்ல புராஸ்டேட்டில் இல்லாத காக்ஸ்-2 என்ற நொதி பெரும்பாலான புற்றுகளில் நிறைய இருக்கிறது. அது உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2, சுற்றுவழியில் போய் அதே ஈ.ஜி.எஃப். ஏற்பியை முடுக்கிவிடும். ஆக காக்ஸ்-2-வை அடக்குவது ஒரு வகையில் ஏற்பியின் சத்தத்தைக் குறைப்பதுதான். 2004-இல் வெளிவந்த ஆய்வொன்றில், இந்த வகை மருந்து பெற்ற நாய்களின் வாழ்நாள் நடுமதிப்பு 6.9 மாதம், பெறாதவற்றுக்கு 0.7 மாதம். சிறிய ஆய்வு, சீட்டுப் போட்டுப் பிரித்ததும் அல்ல, என்றாலும் நான் பார்த்த நாய்களின் அனுபவமும் அதே பக்கம்தான் சாய்கிறது.

மெலாக்சிகாம் என்று எழுதும்போது மோயாற்றுப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வருகிறது. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாய் மடிந்தன. 2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தயாரிப்பதை அரசு தடை செய்தது. மாற்றாக நாங்கள் கையில் எடுத்தது மெலாக்சிகாமைத்தான், அது கழுகுக்குத் தீங்கு செய்யாது. முதுமலைப் பக்கம் இன்னும் அந்தக் கழுகுகள் வட்டமிடுவதைப் பார்க்கும்போது ஓர் ஊசி மருந்தை மாற்றியதன் அருமை தெரியும்.

மாத்திரை விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் புரூஃபென், மனிதருக்கான டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள், இரைப்பை புண்ணாகி ரத்த வாந்தி எடுக்கும். மெலாக்சிகாம் கொடுக்கும் நாட்களில் ஸ்டீராய்டு கூடவே கூடாது. தொடங்குமுன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம், ஏனென்றால் இந்தக் கட்டி சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை நெரித்துச் சிறுநீரகத்தை வீங்க வைக்கக்கூடும். தார் மாதிரி கறுப்பாக மலம் போனால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள்.

நோய் உறுதிதானா என்றும் உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கும். விதை நீக்கிய நாயில் புராஸ்டேட் பெரிதாக இருப்பதே இயல்பு அல்ல. ஸ்கேனில் அதற்குள் சுண்ணாம்புத் துகள் மாதிரி வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்திருந்தால் புற்று என்றே எடுத்துக்கொண்டு மேலே போகலாம். அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். மனிதருக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை நாய்க்கு உதவாது. வயிற்றின் வழியாக ஊசி குத்திச் செல் எடுப்பதில், ஊசி போன தடத்திலேயே புற்று விதைந்துவிடும் அபாயம் உண்டு. சிறுநீர்க்குழாய் வழியே மெல்லிய டியூப் விட்டு, லேசாக உரசிச் செல் எடுப்பது அதைவிட நல்லது. பிராஃப் பிழையைச் சிறுநீரில் உதிரும் செல்களிலேயே பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது. நாய் காலைத் தூக்கும் நேரம் நீளக் குச்சியில் கட்டிய சுத்தமான கரண்டியால் பிடித்தால் போதும். பிழை இருக்கிறது என்று வந்தால் புற்று உறுதி, தொற்றாலோ சாதாரண வீக்கத்தாலோ அது வராது. இல்லை என்று வந்தால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது, பிழை இல்லாத புற்றுகளும் நாலில் ஒன்றுக்கு அருகில் உண்டு.

அடுத்து எலும்பு. இந்த நோய் இடுப்பு முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவுவதை விரும்பும். 1889-இல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கில மருத்துவர் புற்றை விதை என்றும் அது போய்ச் சேரும் உறுப்பை மண் என்றும் சொன்னார். எலும்பு நல்ல மண், ஏனென்றால் அதற்குள் வளர்ச்சிக் காரணிகள் சேமிப்பாகப் புதைந்திருக்கின்றன. புற்றுச் செல் எலும்பைத் தூண்ட, எலும்பு அவற்றை அவிழ்த்துவிட, அதைக் கேட்டுச் செல் இன்னும் பெருகும். எனவே இடுப்பையும் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். படிக்கட்டில் ஏறத் தயங்குவது, உட்கார்ந்து எழும்போது முனகுவது, வாலை அசைக்காமல் தொங்கவிடுவது, இவற்றை வயசாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். எலும்பு வலிக்கு மெலாக்சிகாமோடு காபாபென்டின் சேர்த்துக் கொடுப்பேன். நன்றாகவே கேட்கும்.

அறுவைச் சிகிச்சை செய்து சுரப்பியை முழுக்க எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். தெரியவரும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். எடுத்தபின் சிறுநீர் அடங்காமல் சொட்டிக்கொண்டே இருக்கும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

கருத்தடைக்கு வருகிறேன். விதை நீக்கிய நாய்களில் இந்தப் புற்று இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எத்தனைக்கு நான்கு மடங்கு? இறந்த நாய்களை அறுத்துப் பார்த்த கணக்குகளில் புராஸ்டேட் புற்று இருந்தது ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஆறு வரைதான். மிகச் சிறிய எண்ணின் மடங்கும் சிறிய எண்ணே. விதை நீக்கிய நாய் அதிக நாள் வாழ்கிறது, வயதான நாய்க்கே இந்த நோய் வருகிறது என்பதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கிறது. நீங்கள் அன்று எடுத்த முடிவு அவனுக்கு விதைக் கட்டி வராமல் காத்தது, சாதாரண வீக்கமும் சீழ்க் கட்டியும் வராமல் காத்தது, ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டிகளைத் தடுத்தது. பத்து வருடம் அவன் நன்றாக இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இதை நான் அக்கறையோடு சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து இந்த மலையில் இருக்கிறது, வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி என்றால் தென்னாட்டில் அந்தக் காலத்தில் இங்கேதான் வர வேண்டும். உதகையில் தெருநாய்க் கருத்தடைக்கென்றே கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். இத்தனை உழைப்பும் ரேபிஸுக்கு எதிராக. ‘கருத்தடை செய்தால் கேன்சர் வருமாம்’ என்று ஒரு பேச்சு படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலும் பரவினால் அந்த உழைப்பு வீணாகும். பெரிய இன நாய்களுக்கு எந்த வயதில் செய்வது என்பது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம், மூட்டு வளர்ச்சிக்காகச் சற்றுத் தள்ளிப்போடலாம். புராஸ்டேட் புற்றுக்குப் பயந்து செய்யாமல் விடுவது சரியில்லை.

இனி வரும் நாட்களில் செய்ய வேண்டியவை. மலம் இளகியிருந்தால் பாதி வேதனை குறையும். வேகவைத்த பூசணிக்காயைச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், இரண்டு ஸ்பூன் இசப்கோல் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கலாம். எலும்பு போட வேண்டாம், சிமென்ட் மாதிரி இறுகிவிடும். சிறுநீர் ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வையுங்கள். காலைத் தூக்கி நின்றும் சொட்டுகூட வரவில்லை என்றால் அது காத்திருக்கும் விஷயமே இல்லை, பாதி ராத்திரி ஆனாலும் வண்டி எடுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது பின்சீட்டில் கம்பளியைத் தடிமனாக விரித்து அவனைப் படுக்க வையுங்கள், வளைவுகளில் இடுப்பு அலுங்கினால் வலிக்கும். போகுமுன் கொஞ்சம் நடக்கவிட்டு மூத்திரம் போக வையுங்கள்.

கட்டில் அல்லது சோபாவில் ஏறிப் பழகியவன் என்றால் கீழே தடித்த மெத்தை போட்டுவிடுங்கள். நீலகிரிக் குளிரில் சிமென்ட் தரை அந்த இடுப்புக்கு ஆகாது.

இரவில் மூன்று நான்கு தடவை உங்களை எழுப்புவான். அடக்க முடியாமல்தான் எழுப்புகிறான், அதட்டாதீர்கள். கதவைத் திறந்து தனியாக வெளியே விட்டுவிடவும் வேண்டாம். கோத்தகிரியில் தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கும், கரடி வாசல் வரை வரும், பின்னங்கால் தளர்ந்த நாயால் ஓடித் தப்ப முடியாது. நீளச் சங்கிலியில், பெரிய டார்ச்சோடு ஒருவர் கூடப் போங்கள், முதலில் வெளிச்சத்தைத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவனை இறக்குங்கள். முடித்தானா, எவ்வளவு போனான் என்பதும் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் குறிப்போடும் ஸ்கேன் அறிக்கையோடும் அடுத்த வாரம் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.